ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம்



இம்முறை ஒரு கமராவைப் பற்றி எழுதப் போகிறேன். அரிசி விலை, கடன் தவணை, பிள்ளையின் ரியூசன் காசு என்று தலைக்கு மேல் இருக்க இவ கமராவைப் பற்றி எழுதுறா என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அந்தக் கமராவால் பரந்தனில் ஒரு வீட்டில் தாயும் மகளும் ஐந்து மாதம் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. அதில் என்னுடைய பிழையும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். இருவரும் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து நான் சைக்கிளை எடுக்கும்போது அந்த அம்மா பின்னால் வந்து மறித்தா.

"மிஸ், இவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கோ. குசினிக்கு இன்னும் சீற் போடேல்லை. இவள் ஒரு இலட்சத்து இருபதினாயிரம் குடுத்து ஆரோ பாவிச்ச கமரா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்."

அந்த அம்மாவின் கணவர் 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் காணாமல் போனவர். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. மகன் கைக்குழந்தை. செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்து, கூலிக்கு நாற்று நட்டும் கோழி வளர்த்தும் இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்தா. மகள் கெட்டிக்காரி. கணினி படித்துப் பட்டம் எடுத்து, யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே பிழை இருக்கிறது என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. வெளிநாட்டுக்காரருக்குச் செய்கிற வேலை என்பதால் அவர்களுக்குப் பகல் ஆகும்போது இவளுக்கு இரவு ஆகிவிடும்.

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் தொழில்நுட்ப வேலை என்றால் இரசாயனத் தொழிற்சாலைதான். ஆனையிறவு உப்பை எடுத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். அங்கே வேலை என்றால் சங்கு ஊதியதும் உள்ளே போவது, மறுபடி ஊதியதும் வெளியே வருவது. வீட்டுக்கு வந்தால் வேலை முடிந்தது. யுத்தம் அந்தத் தொழிற்சாலையை மூடிப் பல பத்து வருடங்களாகிவிட்டன. இப்போது வந்திருக்கிற வேலைக்குச் சங்கும் இல்லை, வாசலும் இல்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி இருக்கிறது. "வீட்டிலதானே இருக்கிறாய், உலையைப் பார்" என்று அம்மா சொல்கிறா. இரவு பத்து மணிக்கு மேலதிகாரி கூப்பிடுகிறார். வீட்டிலிருந்து உடுப்புத் தைக்கிற சகோதரிகளுக்கு இது நன்றாக விளங்கும். வீட்டில் வேலை செய்கிறவளை எல்லோரும் சும்மா இருக்கிறவள் என்றே நினைக்கிறார்கள்.

அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷில்ட் 1989இல் ஒரு புத்தகம் எழுதினார். சம்பள வேலை முடித்து வீட்டுக்கு வருகிற பெண்ணுக்கு அங்கே இரண்டாவது வேலைமுறை காத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பல்கலைக்கழகத்தில் அதைப் பரீட்சைக்காகப் படித்தேன். இந்தப் பிள்ளையின் வீட்டில் இரண்டு முறையும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் நடக்கக் கண்டேன்.

அவள் கமரா வாங்கிய காரணத்தைக் கேட்டேன். "அக்கா, பகல் முழுக்க மற்றவை விட்ட பிழையைத்தான் தேடுறன். கண் அதுக்கே பழகிப் போச்சு. வெளியில போனாலும் எது கோணல், எது உடைஞ்சது எண்டுதான் தெரியுது. கமராவைப் பிடிச்சால் மட்டும் வேற மாதிரிப் பாக்கிறன்" என்றாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பதினான்கு மாதம் சேர்த்த காசு. வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதில் ஒரு மாதமும் குறை வைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன்.

நாங்கள் தொண்டு வேலை செய்கிறவர்கள் ஒரு பழக்கத்துக்கு அடிமைப்பட்டவர்கள். ஒரு பெண் எனக்குத் தையல் விருப்பம் என்றால் தையல் மெசினுக்கு விண்ணப்பம் எழுதுவோம். பலகாரம் செய்ய விருப்பம் என்றால் அடுப்பும் பொதி செய்கிற மெசினும். பூக்கன்று விருப்பம் என்றால் நாற்று மேடைத் திட்டம். "இதால மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான் எங்களுடைய முதல் கேள்வி. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதாரம் என்ற சொல் எங்கள் வாயில் அவ்வளவுக்கு ஊறிவிட்டது. பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வருமானம் அவசியம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்றால் அதை அப்படியே விட்டுவைக்க எங்களுக்குத் தெரியாது.

நான் அம்மாவையும் மகளையும் இருத்தி வைத்து, பெரிய தீர்வு கண்டவள் போலச் சொன்னேன். "சனி ஞாயிறில கலியாண வீடு, சாமத்திய வீட்டுக்குப் படம் எடும் தங்கச்சி. கமராக் காசும் திரும்பி வரும், குசினிக்குச் சீற்றும் போடலாம்." அம்மாவின் முகம் மலர்ந்தது. மகள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

சீற் போட்டார்கள். அதுவும் உண்மை. ஆனால் முகூர்த்தம் விடியற்காலை என்றால் அவள் மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். இரவு விருந்து முடிய வீட்டுக்கு வந்தால் ஆயிரம் படம் தெரிந்தெடுக்க வேண்டும். "முகத்தை வெள்ளையாக்கித் தாங்கோ", "மாமி நிக்கிற படத்தை எடுத்துவிடுங்கோ", "அல்பம் எப்ப வரும்" என்று வாரம் முழுக்கத் தொலைபேசி. திங்கள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகக் கூட்டத்தில் கண் எரிய எரிய இருந்தாள். எட்டு மாதத்தில் கமராவைப் பெட்டிக்குள் வைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். ஒப்புக்கொண்ட ஒரு கலியாண வீட்டை வேண்டாம் என்று திருப்பியதில் அம்மாவுக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. அதன் பிறகுதான் அந்த ஐந்து மாத மௌனம். கொழும்பில் ஒரு வேலை பார்த்து, அறை எடுத்துப் போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

நான் போனபோது அவள் சொன்ன ஒரு வசனம் இன்னும் என் காதில் நிற்கிறது. "அக்கா, எனக்கெண்டு பிடிச்சது ஒண்டுதான் இருந்தது. அதையும் வேலையாக்கிப் போட்டன்." "போட்டியள்" என்று என்னைக் குற்றம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பொழுதுபோக்கைத் தொழிலாக்கிக்கொள்வது பிழை என்று நான் சொல்லவரவில்லை. இந்தியாவில் லாலா தீன் தயாள் என்று ஒருவர் இருந்தார். ரூர்க்கியில் பொறியியல் படித்து, 1866இல் இந்தூரில் அரசாங்கப் பொதுப்பணித் திணைக்களத்தில் வரைபடம் வரைகிற வேலையில் சேர்ந்தவர். 1870களில் ஓய்வு நேரத்தில் படம் எடுக்கத் தொடங்கினார். பிறகு லீவு போட்டு எடுத்தார். பிறகு வேலையையே விட்டுவிட்டு ஹைதராபாத் நிஜாமின் படப்பிடிப்பாளரானார். 1892இல் அங்கே முக்காடு போட்ட பெண்களுக்கென்று தனியாக ஒரு ஸ்ரூடியோவும் திறந்தார். ஆண் ஒருவர் படம் எடுத்தால் வரமாட்டார்கள் என்பதால் அதை ஒரு பெண்ணின் பொறுப்பில் விட்டார். அவருக்கு அந்தப் பாதை சரிவந்தது. அவர் அதை விரும்பித் தெரிந்தெடுத்தார். இந்தப் பிள்ளைக்கு நான் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன்.

மற்றப் பக்கத்துக்கு விவியன் மேயரைச் சொல்ல வேண்டும். 1926இல் நியூயோர்க்கில் பிறந்தவர். பெரும்பாலும் சிக்காகோவில், மற்றவர் வீடுகளில் பிள்ளை பார்க்கிற வேலையில் சுமார் நாற்பது வருடம் இருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு கமரா. அது வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலேயிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற வகை. எதிரில் நிற்பவருக்குத் தன்னைப் படம் எடுக்கிறார் என்று பல நேரம் தெரியாது. பார்க்கிற பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து எடுத்தார். வேலை செய்த ஒரு வீட்டில் தனிக் குளியலறை கிடைத்தபோது அதையே இருட்டறையாக்கிப் படம் கழுவினார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றை ஒருவருக்கும் காட்டவில்லை. பல சுருள்களைக் கழுவக்கூட இல்லை. வயதான காலத்தில், பொருட்களை வைத்திருந்த களஞ்சிய அறைக்கு வாடகை கட்டாததால் 2007இல் எல்லாம் ஏலத்தில் போயின. 2009இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைத் தேடியது. இப்போது பெரிய கண்காட்சிகளெல்லாம் நடக்கின்றன. அவர் அதை விரும்பியிருப்பாரா என்று கேட்க ஆள் இல்லை.

இந்தக் கதையைச் சொன்னபோது அம்மா கேட்டா: "அப்ப அந்த மனிசி என்னத்துக்கு எடுத்தது?" மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கண்ட முதல் சிரிப்பு.

நான் அம்மாவிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, கலியாணத்துக்கு முந்தி உங்களுக்கு என்ன விருப்பம்?" கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னா, "நான் வலைப்பந்து விளையாடினனான். எங்கட பள்ளிக்கூடம் கோட்டத்தில முதலாமிடம்." மகளுக்கு அது தெரியாது. இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது.

நாங்கள் பிறகு குசினியில் இருந்து, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதினோம். தண்ணீர், விறகு, கோழி, சமையல், உடுப்பு, சந்தை, சீட்டுக் காசு கட்டுவது, மகளின் அலுவலக வேலை, எல்லாம். அம்மாவின் பெயர் பதினொரு இடத்தில் வந்தது, மகளின் பெயர் ஒன்பது இடத்தில். தம்பியின் பெயர் ஒரு இடத்தில், அதுவும் கடைக்குப் போவது. அவன் உயர்தரம் படிக்கிறான், சரி. ஆனால் ஒவ்வொரு நாள் பின்னேரமும் கிரிக்கெட் விளையாடப் போகிறான். அதை அந்த வீட்டில் ஒருவரும் வீண் நேரம் என்று சொன்னதில்லை. "பெடியன் விளையாடப் போட்டான்" என்று சொல்வார்கள், அவ்வளவுதான். மகள் கமராவோடு வெளிக்கிட்டால் மட்டும் "ஊர் என்ன சொல்லும்". பால்நிலை வேறுபாடு என்று நாங்கள் பயிற்சிப் பட்டறையில் பெரிய தாளில் படம் கீறி விளங்கப்படுத்துவதை அந்தக் கொப்பித் தாள் ஒரு நிமிடத்தில் காட்டியது. தம்பி நல்ல பிள்ளை. தாளைப் பார்த்துவிட்டு, ஞாயிறு காலையில் கோழிக்குத் தீன் போடுவதும் தேத்தண்ணி வைப்பதும் தன்னுடைய வேலை என்று தானே ஒப்புக்கொண்டான். தேத்தண்ணி முதல் மூன்று கிழமை குடிக்க முடியாமல் இருந்ததாம்.

அப்படித்தான் அந்த இரண்டு மணித்தியாலம் வந்தது. ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை. மிஞ்சிய நேரத்தில் செய்யலாம் என்று விட்டிருந்தால் வந்திருக்காது, ஏனென்றால் எங்கள் வீடுகளில் பெண்ணுக்கு நேரம் மிஞ்சுவதில்லை. அலுவலக நேரத்தையும் எழுதி அறைக் கதவில் ஒட்டினாள். அந்த நேரத்தில் அம்மா உலைக்குக் கூப்பிடுவதில்லை. இரவு ஒன்பதுக்குப் பிறகு அவசரமில்லாத அழைப்பை எடுப்பதில்லை என்று மேலதிகாரியிடம் பேசினாள். பயந்து பயந்துதான் பேசினாள். அவர் சரி என்றாராம். எல்லா இடத்திலும் அப்படி ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கலியாண வீடு வருடத்துக்கு இரண்டு, அதுவும் சொந்தக்காரருக்கு மட்டும்.

கணினிக்கு முன்னால் இருக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லிவைக்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பார்த்தால் கண்ணுக்கு நல்லது என்று கண் வைத்தியர்கள் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளை யன்னலால் வேம்பைப் பார்க்கிறாள். ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு மாரி காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வருகிற நேரத்தில் இருபது அடி என்ன, இரண்டாயிரம் அடிக்கு அப்பாலும் பார்க்கிறாள். எடுத்த படத்தைத் திருத்துகிறேன் என்று மறுபடி கணினியில் குந்துவதைத்தான் நான் கண்டிக்கிறேன். இராணுவ முகாம் உள்ள பக்கம் கமராவைத் திருப்புவதில்லை. ஆட்களைக் கேட்காமல் எடுப்பதில்லை. களை பிடுங்குகிற பெண்களை எடுத்தால் அடுத்த கிழமை அச்சுப் போட்ட படத்தை அவர்கள் கையில் கொடுக்கிறாள்.

அம்மா முழுதாக மனம் மாறிவிட்டா என்று எழுதினால் அது பொய். "காசைப் பிடிச்ச பொருள், சும்மா கிடக்குது" என்று இப்போதும் முணுமுணுக்கிறா. ஆனால் ஒரு விடயம் நடந்தது.

அந்த வீட்டில் காணாமல் போன தகப்பனின் படம் ஒன்றுதான் இருந்தது. அடையாள அட்டையின் போட்டோப் பிரதியைப் பெருப்பித்தது, முகம் கறுத்துப் போனது. உங்களில் பலருடைய வீட்டிலும் இதுதான் நிலைமை. பெட்டியோடு அல்பத்தைப் பங்கருக்குள் விட்டவர்கள், மழையில் நனைத்தவர்கள், மாத்தளன் மணலில் புதைத்துவிட்டு வந்தவர்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியபோது ஒவ்வொருவரும் ஒரு படத்தைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். படம் இல்லாதவர்கள் வெறும் பெயரை எழுதிப் பிடித்தால் யார் பார்ப்பார்கள்? படம் எடுப்பது பணக்காரரின் விளையாட்டு என்று எங்களில் ஒருவரும் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற பெரியம்மா வீட்டில் ஒரு பழைய கலியாணப் படம் இருப்பதாகத் தெரியவந்து மகள் போய் அதைப் படம் பிடித்து வந்தாள். கூட்டத்தில் பின் வரிசையில் தகப்பன் நிற்கிறார், இளந்தாரி, சேட்டுக் கை மடித்தபடி. அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி, தூசு கீறல்களை நான்கு இரவு இருந்து துடைத்தாள். அந்த நான்கு இரவும் அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா. "கன்னத்தில ஒரு மறு இருந்தது, அதைக் கீறல் எண்டு அழிச்சுப்போடாதை" என்று சொன்னாவாம்.

பழைய படம் வைத்திருப்பவர்கள் கைத்தொலைபேசியிலேயே பிரதி எடுக்கலாம். படத்தை யன்னலோரம் மேசையில் தட்டையாக வையுங்கள். நேர் வெயில் படக்கூடாது. பிளாஷை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் வெள்ளைப் புள்ளி விழும். தொலைபேசியைச் சரிக்காமல் படத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். உங்கள் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தில் இருந்தால் கழற்றி எடுங்கள், ஆனால் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்காதீர்கள், கிழிந்துவிடும். எடுத்ததை ஒரு தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். வேறு ஊரில் இருக்கிற ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். ஓடுகிறபோது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்னுமொன்று. "இந்த வயதில் எனக்கென்ன பொழுதுபோக்கு" என்கிறவர்களுக்காக ஒரு பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு 1863இல் மகளும் மருமகனும் ஒரு கமரா வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 48 வயது, பல பிள்ளைகளின் தாய். நிலக்கரி போடுகிற அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டை ஸ்ரூடியோவாக்கினார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் உலகம் மறக்காத படங்களை எடுத்தார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். இங்கே கொஞ்சப் படங்கள்தான் எடுத்தார். அவற்றில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களின் பெயர்களை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அவரிடம் வேலைக்காரர் இருந்தார்கள், எங்களிடம் இல்லை, அதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் அந்தக் கோழிக்கூட்டு விடயத்தைச் சொன்னபோது எங்கள் அம்மாவுக்கு நல்ல விருப்பம். அவவுக்கும் இப்போது 48 வயது. "எங்கட கூட்டை மட்டும் அவளிட்டைக் குடுக்கமாட்டன்" என்றா.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பழைய படம் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். அந்தப் பிள்ளை கமராவோடு வந்து பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். இம்முறை நான் வாயே திறக்கவில்லை. காசு வாங்கமாட்டாள். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை மட்டும். ஐந்துக்குப் பிறகு வருகிறவர்கள் அதற்கடுத்த மாதம் வர வேண்டும். ஞாயிறு காலையில் அவளுடைய வீட்டுப் படலையைத் தட்டாதீர்கள். தட்டினால் தம்பிதான் வருவான், தேத்தண்ணியும் தருவான்.